அழுததா என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் பெரிய ஆஸ்பத்திரியில், பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே என் மகள் ரம்யாவின் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. எட்டாம் மாதமே பிறந்துவிட்ட பெண் குழந்தை. போன் அடித்தது. அந்த நாட்களில் போன் எப்போது அடித்தாலும் குழந்தைக்கு ஏதோ என்றுதான் நினைப்பேன். திரையில் தமயந்தி மேடத்தின் பெயரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குழந்தையை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "சொல்லுங்க மேடம், இன்னிக்குப் பரவாயில்ல" என்றேன். பேசியது அவருடைய கணவர்.

"கலா, மேடம் போயிட்டாங்கம்மா" என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவியை ஊர் கூப்பிடுவதுபோலவே மேடம் என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். அன்றைக்கும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. "காலையில துணி காயப்போட்டுட்டு இருந்தா. மார வலிக்குதுன்னு வந்து உக்காந்தா. அவ்ளோதான்."

நான் உடனே செஞ்சிக்குக் கிளம்பி வருவதாகச் சொன்னேன். "வராத. நீ குழந்தைய வுட்டுட்டு எங்கியும் போவாத" என்றார். "நேத்துகூட, கலா ஊட்டுக் குழந்தை எப்டி இருக்குதோன்னு பொலம்பிட்டு இருந்தா. போன் போட்டுக் கேளேன்னு சொன்னேன். பயமா இருக்குது, நாளைக்குக் கேக்கறேன்னா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வாசல் வாசலாக நின்று, இந்த வீட்டில் யாராவது பிறந்தார்களா, யாராவது இறந்தார்களா என்று கேட்பதையே வேலையாகக் கொண்டிருந்தவர் தமயந்தி மேடம். யார் திட்டினாலும் கேட்காமல் போகமாட்டார். அவர் என் வீட்டில் கேட்பதற்கு மட்டும் பயந்திருக்கிறார். அவரே பயந்திருக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவருக்காக அழ வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நேரத்து மனம் அப்படி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வெளியிடும் இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உங்களில் பலருக்கு அவருடைய வேலை தெரியும். தெரியாத உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பிறக்கும் குழந்தை சராசரியாக இத்தனை வயது வாழும் என்று அவ்வப்போது செய்தித்தாளில் ஒரு எண் போடுவார்களே, அது எங்கிருந்தோ குதிப்பதில்லை. நாடு முழுவதும் சில கிராமங்களையும் சில தெருக்களையும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்தந்த ஊரில் என்னைப்போல் ஒரு ஆள், மாதாமாதம் பிறப்பையும் இறப்பையும் எழுதி வைக்க வேண்டும். அரை வருடத்துக்கு ஒருமுறை மேடத்தைப்போல் ஒருவர் வெளியிலிருந்து வந்து, நான் எழுதியதைப் பார்க்காமலேயே, வீடு வீடாகப் புதிதாகக் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துவராத வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். எந்தெந்த வயதில் எத்தனை பேர் போகிறார்கள் என்று அதிலிருந்து தெரியும். அதை வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள்.

எங்கள் ஊரின் பெயரை எழுதக் கூடாது. பொறுக்கி எடுத்த ஊர் இதுதான் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மட்டும் தனிக் கவனிப்பு வந்துவிடும், கணக்குக் கெட்டுப்போகும் என்பார் மேடம். செஞ்சிக்குப் பக்கத்தில், தெருமுனையில் நின்றால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும் என்பதால் இந்த வேலையையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். பல்லி கத்தினாலே காரணம் தேடுகிற ஆள். என்னைப் போய்ச் சாவைப் பற்றி விசாரிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

முதல் தடவை அவர் வந்தபோது, ஊரைக் காட்டிவிடுவதற்காகக் கூடப் போனேன். மூன்றாவது வீட்டிலேயே ஒரு பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டு கத்தினாள். "எம்மா, போன தபா உங்காளு ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனாரு. மறுவாரமே எங்க மாமியா பூட்டாங்க. நீ இந்த வாசல்ல நிக்காத, போ." மேடம் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்க வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார். "சரிம்மா, உன் வாசல்ல நிக்கல. இங்கிருந்து கேக்கறேன். மாமியாருக்கு இன்னா வயசு?" என்றார். கோபத்தில் இருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகவே அந்த வீட்டுக் கணக்கு முடிந்தது.

திரும்பி வரும்போது, "உங்களுக்குப் பயமே இல்லியா மேடம்?" என்று கேட்டேன். "யார் சொன்னது? ஒவ்வொரு வீட்லயும் இல்லைன்னு சொல்லணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் கேப்பேன். ஆனா இல்லைன்னு சொன்னா நம்பமாட்டேன்" என்றார். இப்போது யோசித்தால் அவருடைய குணம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

நம்பமாட்டார் என்றேன் அல்லவா? கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அதுதான் அவருடைய வித்தை. மற்றவர்கள் கேள்வியைக் கேட்டு, "இல்ல" என்ற பதில் வந்ததும் அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுவார்கள். இவர் பதில் வந்த பிறகும் நகரமாட்டார். எதிரில் இருப்பவரின் முகத்தையும் பார்க்கமாட்டார். தரையையோ, காயப்போட்ட மணிலாக்கொட்டையையோ பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், "வெயிலா இருக்குது, கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்" என்பார். வெயிலிலேயே நின்றுகொண்டு அப்படிச் சொல்வார். பாதி வீடுகளில் அந்த நிற்பில்தான் உண்மை வெளியே வரும்.

வேலையைத் தவிர மற்றதெல்லாம் எங்களுக்குள் பேச்சுத்தான். என் வீட்டில் சாப்பிடுவார், என் வீட்டுக்காரரின் நொண்டிச் சாக்குகளையெல்லாம் கிண்டல் செய்வார், ரம்யாவின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். ஆனால் நான் யார் வீட்டில் என்ன எழுதினேன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாக வாய் திறந்தாலும், "மூடு. நீ ஒரு கண்ணு, நான் ஒரு கண்ணு. ரெண்டும் சேர்ந்து பாத்தா ஒரு கண்ணாயிடும்" என்பார். பிறகு குழம்பில் உப்பு குறைவு என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த எண்ணைப் பற்றி எனக்குப் புரிய வைத்ததும் அவர்தான். ஓர் அமாவாசை நாள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு ஒரு பஸ்ஸில் மாட்டிக்கொண்டோம். படிக்கட்டில்கூட இடமில்லை. வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாக ஆட்கள் நெருக்கித் தள்ளினார்கள். வழியில் ஆட்கள் இறங்க இறங்க, நான் இறங்குபவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மேடம் என் காதருகில் பேச ஆரம்பித்தார்.

"இந்த பஸ்ல எல்லாரும் ஒரே ஸ்டாப்புல ஏறினாங்கன்னு வெச்சிக்க. அது பொறப்பு. சில பேர் அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிடறாங்க. சில பேர் கடைசி வரிக்கும் போறாங்க. ஒவ்வொருத்தரும் எவ்ளோ தூரம் போனாங்கன்னு கூட்டி, ஏறின தலைங்களால வகுத்தா ஒரு நம்பர் வரும். அதான் நாம சொல்ற ஆயுசு."

"அப்ப எல்லாரும் அந்த நம்பர்லதான் எறங்குவாங்களா?"

"அந்த நம்பர்ல ஸ்டாப்பே இல்லாமக்கூட இருக்கும். மொத ஸ்டாப்புல எறங்கறாங்க பாரு, குழந்தைங்க, அவங்கதான் அந்த நம்பரக் கீழ இழுக்கறது. மொதல் ரெண்டு மூணு ஸ்டாப்பத் தாண்டிட்டவன் அந்த நம்பரத் தாண்டிப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "எங்க எறங்கணும் நீங்க?" என்று கேட்டார். "இன்னும் நேரம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மேடம் தொடர்ந்தார். "இன்னொண்ணு கேளு. இந்த பஸ் நெசமா ஓடற பஸ் இல்ல. இன்னிக்குப் பொறந்த குழந்தைக்கு எண்பது வயசாவற வரிக்கும் யார் காத்துனு இருக்கறது? அதனால இந்த வருசம் பச்சக் குழந்தைங்க எவ்ளோ போவுது, முப்பது வயசுக்காரங்க எவ்ளோ, அறுபது வயசுக்காரங்க எவ்ளோன்னு எல்லாத்தையும் ஒரே ரோடா ஒட்டவெக்கறோம். இன்னிக்குப் பொறந்தது இந்த ரோட்லயே முழுக்கப் போனா எவ்ளோ தூரம் போவும்னு பாக்கறோம். ஆசுபத்திரி நல்லா வந்தா ரோடு மாறும். நோய் வந்தாலும் மாறும். இது ஜோசியம் இல்ல கலா, இந்த வருசத்து ரோடு எப்டி இருக்குதுன்னு சொல்றது."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. முதல் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் என்ற பேச்சு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலே எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வரும். சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுவேன்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன். செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் தனகோடி என்னையும் தோற்கடித்தார். டிவியில் ஆண்களின் சராசரி ஆயுள் என்று ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் அந்த வயதை அந்த மாதம்தான் தொட்டிருந்தார். நாங்கள் கடைக்குப் போனபோது முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "மேடம், நீங்கதான இந்தக் கணக்கு எடுக்கறவங்க? எனக்கு முடிஞ்சிபோச்சாமே? டிவில சொல்லிட்டான்" என்றார். அவர் மனைவி பின்னாலிருந்து, "நாலு நாளா சரியா சாப்பாடே இல்லம்மா. ஒரே டென்சன். புள்ளைங்களக் கூப்ட்டு சாவியெல்லாம் எங்க இருக்குதுன்னு காட்றாரு" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். "அது பொறக்கற குழந்தைக்குச் சொன்னதுங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்தாச்சே. இந்த வயசு வரிக்கும் வந்தவங்களுக்கு இன்னும் எவ்ளோன்னு தனியாக் கணக்கு இருக்குது. அது நல்லாவே இருக்குது" என்றார். தனகோடியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஆனால் மறுநிமிடமே, "எனக்கு எவ்ளோ, அதச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாதுங்க. ஊருக்குத்தான் சொல்ல முடியும்."

"ஊர் இருந்து நான் இல்லாம போனா எனக்கு இன்னா மேடம்?" என்று கேட்டார் தனகோடி.

மேடம் துவரம்பருப்பு கேட்டார், வாங்கினார், வெளியே வந்தோம். "அந்தாளு கேட்டது நியாயம்தான்" என்று மட்டும் சொன்னார். தனகோடி இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து எடை போடுகிறார். மேடம் இல்லை. அறுபதுகூட முடியவில்லை, ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன. முதல் நிறுத்தங்களையெல்லாம் தாண்டி வந்தவருக்கு நல்ல கணக்கு இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அவரே இருந்திருந்தால், நான் அப்போதே சொன்னேனே, ஆளுக்குச் சொல்ல முடியாது என்று, என்பார்.

இனி நான் சொல்லப்போவதுதான் அவரைப் பற்றி எனக்கு முக்கியம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்து, சில மாதம் கழித்துத்தான் புருஷன் வீட்டுக்கு வருவாள். ஓர் அரையாண்டு, எங்கள் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான் பிறப்பு இல்லை, இறப்பு இல்லை என்று எழுதியிருந்தேன். அவர்கள் சொன்னதும் அதுதான். மேடத்தின் தாளில், பக்கத்து வீட்டில் நின்று கேட்டதை வைத்து, அதே வீட்டில் ஒரு பிறப்பும் ஒரு இறப்பும் இருந்தன. ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனோம்.

மாமியார் வாசலிலேயே மடக்கினார். "எங்க ஊட்ல எதுவும் பொறக்கல. அது அவங்க அம்மா ஊட்ல பொறந்துச்சு, அங்கியே போயிடுச்சு. அவங்களக் கேளுங்க" என்றார். மேடம் சாவகாசமாக, "அவங்களக் கேட்டா, அது உங்க ஊட்டுப் புள்ளைன்னுவாங்க இல்லியா?" என்றார். மாமியார் குரல் கொஞ்சம் இறங்கி, "பேர்கூட வெக்கல. பேர் வெக்காத புள்ளைக்கு இன்னா கணக்கு? நாங்க வாயால சொல்றதே இல்ல. சொன்னா அடுத்ததுக்கும் ஆவாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். என்னைப்போலத்தான்.

மருமகள் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண். மேடம் அவளிடம் கேட்டார். "பொறந்ததும் அழுதுச்சாம்மா?"

அந்தக் கேள்வி எதற்கு என்று உங்களில் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மூச்சு விட்டிருந்தாலும், ஒருமுறை அழுதிருந்தாலும், அது உயிரோடு பிறந்த குழந்தை. பிறப்பில் ஒன்று, இறப்பில் ஒன்று. இல்லையென்றால் இறந்தே பிறந்தது என்று வேறு இடத்தில் எழுத வேண்டும். ஆனால் அன்று, இப்படியும் ஒருத்தியிடம் கேட்பார்களா என்று மேடத்தின் மேல் கோபம் வந்தது. மேடம் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை.

"அழுதுச்சு" என்றாள். "நான் கேட்டேன். நல்லா சத்தமா அழுதுச்சு. பொண்ணு." அதோடு நிறுத்தவில்லை. முடி நிறைய இருந்தது என்றாள். இரண்டு நாள் பால் குடித்தது என்றாள். மூக்கு தன்னைப் பெற்ற நைனாவின் மூக்கு என்றாள். யாரும் கேட்காததையெல்லாம் சொன்னாள். மாமியார் வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண், "எழுதிக்கினீங்களாக்கா?" என்று கேட்டாள். "எழுதிக்கினேன்மா" என்றார் மேடம்.

தெருமுனைக்கு வந்ததும் மேடம் பம்ப்செட் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டார். "ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல வுழுந்துடுது கலா, இந்த மாதிரிக் குழந்தைங்க. ஏறினதும் தெரியாது, எறங்கினதும் தெரியாது. அதுங்கள வுட்டுட்டு வகுத்தா நம்பர் அழகாத்தான் வரும். ரோடு நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு எல்லாரும் போயிடுவாங்க" என்றார். பிறகு, "கேக்கறது பாவம்னு நெனைக்கிற. கேக்காம வுடறதுதான் பாவம்" என்றார். அவர் அன்று முகம் கழுவியது வெயிலுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் என் வீட்டுக்கு ரம்யா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். ஊரில் மற்ற அம்மாக்கள் வளையலையும் பலகாரத்தையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். எனக்கு முதல் மாதம், முதல் வாரம், முதல் நாள் என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் கண்முன்னே வந்தது. மேடத்திடம் புலம்பினேன். "பயப்படு. பயந்தாத்தான் சீக்கிரமா ஆசுபத்திரிக்குக் கூட்டினு போவ. பயந்துக்கினு ஊட்லயே உக்காந்துடாத" என்றார். அந்தப் பேச்சால்தான், ரம்யா இடுப்பு கடுக்கிறது என்று சொன்ன அன்றைக்கே, சூட்டுவலியாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்காமல் கிளம்பினேன். குழந்தை உயிரோடு பிறந்ததற்கு அது ஒரு காரணம் என்று டாக்டரம்மா சொன்னார்.

பிரசவ வார்டு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே குழந்தை பிறந்துவிட்டது என்று பேச்சுச் சத்தத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் அழுகை கேட்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மேடத்தின் கேள்விதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அழுததா? அழுததா? கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாகவும் இருந்தது. அப்புறம் பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. என் சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்று தோன்றியது. இனி எந்த நிமிஷமும் இவள் இறங்கலாம் என்று சேர்ந்தே தோன்றியது. அழுத குழந்தைக்குத்தான் இரண்டு கணக்கும் உண்டு.

மேடம் இறந்ததற்கு மறுவாரம், குளித்துத் துணி எடுத்து வருவதற்காக நானும் சம்பந்தியம்மாவும் ஊருக்குப் போனோம். ரம்யாவின் புருஷன் ஊரான அவலூர்பேட்டையிலிருந்து வந்த சம்பந்தியம்மா, மகன் ரம்யாவோடு ஆஸ்பத்திரியில் இருக்க, என்னோடு தங்கியிருந்தார். குழந்தையைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "ஊட்டுக்கு வரட்டும், தொட்டில் போடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப எதுக்கு? கண்ணுபட்டா தாங்காது அது" என்றார். என் வீட்டுக்காரரும் அதற்குத் தலையாட்டினார். என் மனமும் ஆட்டியது என்பதுதான் உண்மை.

அன்றைக்குப் பார்த்து, மேடம் பாதியில் விட்ட வீடுகளை முடிப்பதற்காகப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கையில் காகிதம் இல்லை, திரை போட்ட டேப். மரியாதையான பெண். வாசலில் நின்று கேட்டாள். "இந்த ஆறு மாசத்துல உங்க வீட்ல பிறப்பு ஏதாவது? இறப்பு ஏதாவது?"

சம்பந்தியம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னார். "எதுவும் இல்லம்மா."

அவள் சரி என்று தலையசைத்து, விரலைத் திரையின் மேல் கொண்டுபோனாள். அவள்மேல் தவறில்லை, இன்னும் நிறைய வீடு பார்க்க வேண்டும். சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாமல் விட்டு, நாளைக்கே ஒன்று ஆகிவிட்டால் என் பேத்தி இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழுந்த பிள்ளை ஆகிவிடுவாள் என்ற பயம் இன்னொரு பக்கம். அவலூர்பேட்டையில் கேட்டால் இங்கே என்பார்கள், இங்கே கேட்டால் அங்கே என்பார்கள். முடி இருந்ததா, மூக்கு யாருடையது என்று சொல்லக்கூட ரம்யாவிடம் யாரும் கேட்கமாட்டார்கள். எந்தப் பயம் பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இரும்மா" என்றேன். "பொறப்பு ஒண்ணு. பொண்ணு. பொறந்ததும் அழுதா."

சம்பந்தியம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "இப்ப எப்டிம்மா இருக்குது?" என்றாள்.

"இருக்கறா" என்றேன். எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். எழுதியாகிவிட்டது. அவள் போன பிறகு சம்பந்தியம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "எனக்கும் ஒண்ணு அந்த மாதிரி போச்சு. இவனுக்கு முன்னாடி. யாரும் கேக்கல" என்றார். இத்தனை நாள் அவர் எதற்குப் பயந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

தமயந்தி மேடத்தின் பேச்செல்லாம் மறந்துபோகலாம். பஸ் கதையைக்கூட நான் நாளைக்குத் தப்பும் தவறுமாகச் சொல்லக்கூடும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். பயத்தோடு கேட்பது, கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பது. இதை எழுதும்போது என் பேத்தி இன்னும் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறாள். எடை ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு காலையும் வார்டு வாசலில் நின்று, "எப்டி இருக்கறா?" என்று கேட்கிறேன். கேட்காமல் திரும்பிவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. மேடத்தைப்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்று காலை நர்ஸம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அழுவுறாம்மா" என்றார். "கேக்கல?"

கேட்டது.